மூன்று நாளில் மலர்ந்த வீதி

நுழையும்முன்

நடந்து செல்வதா, ஊர்தியில் செல்வதா என்பதைத் தாமே முடிவு செய்வதாக நகரமக்கள் எண்ணுகின்றனர். அம்முடிவின் பெரும்பகுதியை அவர்கள் வாழும் நகரின் அமைப்பு முன்னரே எடுத்துவிடுகிறது. பிரேசில் நாட்டு நகரொன்று தன் வீதிகளை மாற்றியமைத்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

1972ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பரானா மாநிலத் தலைநகரான குரிடிபாவில், கடைகள் நிறைந்த 'நவம்பர் பதினைந்து' வீதியில் பணியாளர்கள் வந்து இறங்கினர். தார்ச்சாலையைப் பெயர்த்தனர், கல் பாவினர், விளக்குக் கம்பங்களையும் இருக்கைகளையும் நிறுவினர், பூச்செடிகளை நட்டனர். ஏறத்தாழ 72 மணி நேரத்தில், மகிழுந்துகள் நெருக்கியடித்த அவ்வீதி நடந்து செல்வோருக்கே உரியதாயிற்று.

இவ்விரைவுக்குக் காரணம் இருந்தது. நகரின் மேயரும் கட்டடக்கலைஞருமான ஜைமே லெர்னர், வணிகர்களின் எதிர்ப்பை அறிந்திருந்தார். மகிழுந்து வராவிடில் வாடிக்கையாளரும் வாரார் என்பது அவர்தம் அச்சம். பணி மாதக்கணக்கில் நீண்டால் வழக்குகள் அதனைத் தடுத்துவிடும் என லெர்னர் கருதினார். வார இறுதியிலோ நீதிமன்றங்கள் மூடியிருக்கும். அவர் இராணுவ ஆட்சிக்காலத்தில் நியமிக்கப்பட்டவர். மக்களின் வாக்குப் பெற்று வந்தவர் அல்லர். மக்களைக் கேளாமல் செய்த மாற்றம் என்று இதனைக் குறைகூறினால், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், எதிர்த்த வணிகர்களே பின்னர் அண்டை வீதிகளுக்கும் இத்திட்டத்தை நீட்டிக்குமாறு வேண்டினர்.

மகிழுந்து உரிமையாளர் சிலர் வீதிக்குள் புகுந்து ஓட்டத் திட்டமிட்டனர். அவர்களைத் தடுக்கக் காவலர் நிறுத்தப்படவில்லை. வீதியெங்கும் நீளமாக விரிக்கப்பட்ட தாள்களில் குழந்தைகள் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தனர். ஊர்திகள் நுழையவில்லை.

ஒரு வீதியை நடப்போருக்கு அளிப்பதால் மட்டும் நகரின் கரியமில வாயு வெளியேற்றம் குறைந்துவிடாது. வீடு ஓரிடத்திலும் வேலை பிறிதோரிடத்திலும் இருக்கையில், இடைப்பட்ட தொலைவைக் கடக்க வேண்டுமன்றோ? ஒரு டன்னுக்கும் அதிக எடையுள்ள மகிழுந்து ஒருவரை மட்டும் சுமந்து செல்லும்போது, எரிபொருளின் பெரும்பகுதி அவ்வூர்தியை நகர்த்துவதற்கே செலவாகிறது. எனவே, 1974இல் முதன்மைச் சாலைகளின் நடுவே பேருந்துகளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. அத்தடங்களை ஒட்டியே உயர்ந்த கட்டடங்களுக்கு இசைவு வழங்கப்பட்டது. தொலைவு செல்லச்செல்லக் கட்டடங்களின் உயரம் குறைக்கப்பட்டது. இதனால் மிகுதியான மக்கள் பேருந்துக்கு அருகிலேயே குடியிருக்கவும் பணிபுரியவும் வழி பிறந்தது. இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே. பேருந்தை மட்டும் கண்டு வியப்போர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

1991இல் கண்ணாடிக் குழாய் வடிவிலான நிறுத்தங்கள் வந்தன. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவார். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரத்தில் இருப்பதால், முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் படியேறாமல் உள்ளே செல்லலாம். மறு ஆண்டில் மூன்று பகுதிகளாக இணைந்த நீண்ட பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 270 பேரை ஏற்றிச்செல்ல வல்லது. குரிடிபாவின் பட்டறிவு பிற நகரங்களுக்கும் பரவியது. கொலம்பியாவின் போகோட்டா 2000ஆம் ஆண்டிலும், நம் நாட்டின் அகமதாபாத் 2009ஆம் ஆண்டிலும் தனித்தடப் பேருந்துகளை இயக்கத் தொடங்கின.

இன்று பிரேசிலில் மகிழுந்து வைத்திருப்போர் விகிதம் மிகுந்த பெருநகரங்களுள் குரிடிபாவும் ஒன்று. வருவாய் உயர்ந்தது; பேருந்துகளில் நெரிசல் மிகுந்தது; பயணிகளில் ஒரு பகுதியினர் மகிழுந்துக்கு மாறினர். மக்கள் 'மலர் வீதி' என்றழைக்கும் அந்த முதல் வீதியில் மட்டும், பூச்செடிகளுக்கிடையே மக்கள் இன்றும் நடந்தே செல்கின்றனர்.