பி.டி. பீரியடும் பத்தாம் வகுப்பும்

அன்புள்ள கண்ணு,

“பத்தாவது வந்தாச்சு, இனிமே கபடி வேண்டாம்” என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாமே. கோபம் நியாயம்தான். அம்மாவோடு மல்லுக்கட்டும் முன் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரின் கதையைக் கேட்டுக்கொள்.

நம் தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியில் ஏறிய பஸ் தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். அங்கே ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி, மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் பையனை உயரம் தாண்ட வைத்தவர் பள்ளியின் பி.டி. சார். 14 வயதில், இரண்டு காலும் நன்றாக இருந்த பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். உங்கள் டீமில் நெட்டையானவளை நிமிர்ந்து நிற்கச் சொல். அவள் தலைக்கும் மேலே இருந்திருக்கும் அந்தக் கம்பி. அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். தங்கத்துக்கு ஒரு வருடம் முன்பு, 2015இல், அவர் சேலத்துக் கல்லூரியில் பி.பி.ஏ. முடித்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அம்மாவிடம் முதலில் அதைச் சொல்.

அம்மாவின் பயம் புதிதல்ல. படிக்கிற பிள்ளையைவிட ஆடுகிற பிள்ளைக்கே பள்ளிகளில் மவுசு என்று அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1961லேயே கவலைப்பட்டார். ஆனால் 1997இல் ஜோசப் மஹோனி, ராபர்ட் கெய்ர்ன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. விளையாட்டு மாதிரி வகுப்புக்கு வெளியிலான ஈடுபாடு உள்ள பிள்ளைகளில் படிப்பை நிறுத்தியவர்கள் குறைவு. அதுவும், எப்போது நின்றுவிடுவார்களோ என்ற நிலையில் இருந்த பிள்ளைகளிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. மார்க் ஏறும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதே! கணக்கு, போட்டால்தான் வரும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்றது நம் தருமபுரி மாவட்டம்: 68.5 சதவீதம். இந்த மண்ணில், பிள்ளை பள்ளியை விட்டு நழுவிவிடாதபடி “நேத்து ஏன் பிராக்டீசுக்கு வரல?” என்று கேட்க ஒருவர் இருப்பது சின்ன விஷயமில்லை. அப்படிக் கேட்பவரின் பி.டி. பீரியடைத்தான் பரீட்சை நெருங்கியதும் கணக்கு சார் கடன் வாங்கிவிடுகிறார், திருப்பித் தருவதே இல்லை.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதை நம்பி ஆடாதே. குறுவட்டப் போட்டிச் சான்றிதழெல்லாம் அதற்குப் போதாது. போட்டிக்குப் போகிற நாளில் விட்டுப்போன பாடத்தை அன்று ராத்திரியே தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிவிடு.

இன்னொன்று. அம்மாவின் கவலை மார்க் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம். பிராக்டீஸ் எத்தனை மணிக்கு முடியும், இருட்டுவதற்குள் யாரோடு வீடு திரும்புவாய் என்று தெளிவாகச் சொல். பி.டி. டீச்சரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு.

அன்புடன்,
மாமா