பக்கத்து பெஞ்சில் பிட்: சொல்வதா, விடுவதா?

கூடப் படிப்பவர் பிட் வைத்து எழுதுவதைப் பார்த்துவிட்டீர்கள். சொன்னால் 'போட்டுக்கொடுத்தவன்' என்ற பேர் வரும். சொல்லாவிட்டால் மனசு கேட்காது. பிளஸ் டூ மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கண்ணால் பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தேர்வு, எந்த நாள், கையில் என்ன இருந்தது. "அவன் எப்படி 95 எடுத்தான்?" என்பது பார்த்தது ஆகாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சாதியை வைத்தும், வீட்டு நிலையை வைத்தும் 'இவனுக்கெல்லாம் இவ்வளவு மார்க்கா' என்று எழும் சந்தேகம் நம் வகுப்பறைகளுக்குப் புதிதல்ல. அதே மதிப்பெண்ணை வழக்கமாக முதலாவது வருபவர் எடுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பொய்ப்புகார் ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும்.

அடுத்து, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவதும், வகுப்புத் தேர்வில் ஒரு சூத்திரத்தை எட்டிப் பார்ப்பதும் தவறுதான். ஆனால் பொதுத்தேர்வு வேறு. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அதில் அரை மதிப்பெண் கூடினாலும் தரவரிசை மாறும். திருடிய மதிப்பெண்ணால் முன்னால் நிற்பவர், ராத்திரி கண்விழித்துப் படித்த யாரோ ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்.

சின்ன விஷயம் என்றால் அவரிடமே பேசுங்கள், தனியாக. "டேய், நேத்து டெஸ்ட்ல நீ பிட் வச்சிருந்தத பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. எந்தப் பாடம் புரியலன்னு சொல்லு, உக்காந்து படிக்கலாம்" என்று சொன்னால் போதும். பல பேர் பாடம் புரியாத பயத்திலும், வீட்டில் விழும் அடிக்குப் பயந்தும்தான் பிட் எழுதுகிறார்கள். மறுபடியும் செய்தால் கிளாஸ் டீச்சரிடம் போகலாம்.

பேச்சுக்கே இடமில்லாத சில விஷயங்களும் உண்டு. வினாத்தாள் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வந்தாலோ, காசுக்கு விற்கப்பட்டாலோ, "உன் பேப்பரைக் காட்டு, இல்லைன்னா பார்" என்று யாராவது மிரட்டினாலோ அன்றே சொல்லுங்கள். வந்த வினாத்தாளை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பினால் நீங்களும் உடந்தை. அழிக்கவும் வேண்டாம், பெற்றோரிடம் காட்டிவிட்டு அவர்களோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பொதுத்தேர்வு அறையில் பக்கத்தில் இருப்பவர் தொல்லை கொடுத்தால் உங்கள் தாளை மூடிக்கொண்டு அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். விடைத்தாளைக் காட்டுபவர் மீதும் நடவடிக்கை உண்டு.

சொல்லும் விதம் முக்கியம். உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். "சார், நான் பார்த்தது இதுதான். என் பேர் வெளியே வரக்கூடாது, அவனையும் வகுப்பில் நிற்கவைத்துக் கேட்காதீர்கள்" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: எல்லோர் முன்னும் அவமானப்பட்ட பிள்ளைகள் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகள் நம் ஊரில் வந்திருக்கின்றன. வகுப்பு குரூப்பில் போட்டோ போட்டு அம்பலப்படுத்துவதைச் செய்யவே கூடாது.

சொன்ன பிறகு அது பள்ளியின் பொறுப்பு. என்ன தண்டனை கிடைத்தது என்று துருவ வேண்டாம், தோழர்களிடமும் பேச வேண்டாம். யாராவது உங்களை மிரட்டினால் பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களில் உதவி கேட்கலாம். பிடிபட்டவர் சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் தனியே விடாதீர்கள். அவர் வீட்டுக்கும் ஓர் ஆசிரியருக்கும் உடனே தெரிவியுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணையும் அவரிடம் கொடுங்கள்.