கூச்சல் பந்தை முந்துமா?

மாலை வேளையில் பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் போனால், மணலில் கிரிக்கெட் ஆட்டம் மும்முரமாக நடப்பதைக் காணலாம். போட்டி ஆட்டம் என்றால் வேடிக்கை பார்ப்போரும் கூடிவிடுவர். ஆடும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ அங்கே இருந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? "அடிடா!", "அதை விட்டுடு!" என்று குரல் கொடுத்தவண்ணம் இருப்பார்கள். பிள்ளைக்கு உதவுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்த உதவி உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பந்துக்கு எவ்வளவு நேரம்?

பள்ளி மாணவர் ஒருவர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசுகிறார் என்று கொள்வோம். இது வினாடிக்கு 25 மீட்டர். பந்து அவர் கையை விட்டு மட்டையை அடையும் தூரம் ஏறத்தாழ 17.5 மீட்டர். ஆகவே பயண நேரம் 0.7 வினாடி. மட்டையை வீசவே 0.2 வினாடி போய்விடும். எனவே முதல் அரை வினாடிக்குள் ஆட்டக்காரர் முடிவு செய்தாக வேண்டும்.

சாஃப்ட்பால் ஆட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். பெண்கள் ஆட்டத்தில் எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 43 அடி, அதாவது சுமார் 13 மீட்டர்தான். இதே வேகத்தில் பந்து வந்து சேர அரை வினாடியே ஆகும்.

குரலுக்கு எவ்வளவு நேரம்?

பந்து புறப்பட்டதைக் கண்டு அப்பா வாய் திறக்கக் குறைந்தது 0.2 வினாடி. "அடிக்காதே, விடு" என்று சொல்லி முடிக்க அரை வினாடி. அவர் 35 மீட்டர் தள்ளி நிற்கிறார். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 350 மீட்டர் செல்லும். ஆகவே மேலும் 0.1 வினாடி. மொத்தம் 0.8 வினாடி. அதற்குள் பந்து மட்டையைத் தாண்டிப் போயிருக்கும்!

ஆக, அந்தப் பந்துக்கு அந்தச் சொல் உதவாது. மாறாக, அடுத்த பந்துக்குக் கெடுதல் செய்யலாம். திட்டு வாங்குவோமோ என்று அஞ்சும்போது சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கவனமும் பந்தை விட்டுக் குரல் வரும் பக்கம் திரும்புகிறது.

பார்ப்பவர் இருந்தால் என்ன ஆகும்?

1898ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காக நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க அறிஞர் 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் நூல் சுற்றும் உருளையைச் சுற்றச் சொன்னார். தனியாகச் சுற்றியதைவிடப் போட்டியாகச் சுற்றியபோது 20 பேர் வேகமாகச் சுற்றினர். 10 பேரிடம் பெரிய மாறுதல் இல்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் பின்தங்கினர்.

இதற்கு 1965இல் ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் தந்தார். நன்கு பழகிய வேலையைப் பிறர் முன்னிலையில் இன்னும் நன்றாகச் செய்கிறோம். அப்போதுதான் கற்கும் வேலையிலோ தடுமாறுகிறோம். ஆட்டம் கற்கும் சிறுவர்கள்தாம் அதிகம் தடுமாறக்கூடியவர்கள். அவர்கள் மீதே நாம் அதிகம் கத்துகிறோம்!

விலகிப் போகும் பிள்ளைகள்

சாஃப்ட்பாலுக்கு மூத்த ஆட்டமான பேஸ்பாலில் நடந்த ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவில் பார்னெட், ஸ்மால், ஸ்மித் ஆகியோர் 1992இல் இதை வெளியிட்டனர். சில பயிற்சியாளர்களுக்கு மட்டும், முயற்சியைப் பாராட்டவும், தவறியவனைத் தேற்றித் திருத்தவும், கடிந்து பேசாதிருக்கவும் கற்றுக்கொடுத்தனர். மறு ஆண்டு அவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 100க்கு 5 பேரே ஆட்டத்தை விட்டனர். மற்றப் பயிற்சியாளர்களிடம் 100க்கு 26 பேர் விட்டுவிட்டனர். தோல்விதான் அவர்களை விரட்டியது என்றும் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் பேசும் விதம் ஒரு பிள்ளையின் விளையாட்டையே நிறுத்திவிடக்கூடும்.

அப்படியானால் வாய் மூடி இருக்க வேண்டுமா? வேண்டாம். பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே, இதே கடற்கரையை அடுத்துள்ள சேப்பாக்கம் மைதானத்தில் 1999 ஜனவரி 31 அன்று நடந்ததைக் கேளுங்கள். பாகிஸ்தானுடன் ஆடிய டெஸ்டில் இந்தியா வெறும் 12 ரன்னில் தோற்றது. நம் மக்கள் துயரத்தை அடக்கிக்கொண்டு எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினர். ஆட்டம் முடிந்தபின் எழும் கைதட்டல் யாருடைய கவனத்தையும் கலைப்பதில்லை.

இந்த முறை உங்களுக்கும் பொருந்தும். கேட்சைத் தவறவிட்ட தோழனை எல்லார் முன்னும் ஏசாதீர்கள். "பரவாயில்லை, அடுத்ததைப் பிடி" என்று சொல்லுங்கள். திருத்தத்தை ஆட்டம் முடிந்தபின் தனியே சொல்லலாம். "அப்பா, வீட்டுக்குப் போகும்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்" என்று வீட்டிலும் பணிவாகக் கேட்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் அடி ஸ்கேலை நண்பர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் கீழ்முனைக்கு இருபுறமும் உங்கள் விரல்களைத் தொடாமல் வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 10 செ.மீ.யில் பிடித்தால் 0.14 வினாடி, 20 செ.மீ.யில் 0.20 வினாடி; 30 செ.மீ.யில் 0.25 வினாடி. அமைதியில் 10 முறையும், சுற்றிலும் நண்பர்கள் "பிடி! விடாதே!" என்று கத்தும்போது 10 முறையும் செய்து, இரண்டின் சராசரியையும் ஒப்பிடுங்கள். கிடைத்த விடையை இந்தக் கணக்குடன் வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள்.