பங்சாரில் தும்பை வளர்க்கும் தம்பிக்கு



வீட்டு முன்சரிவில் தும்பை வளர்க்கப் போகிறாய் என்றதில் மிகுந்த மகிழ்ச்சி. தொல்காப்பியத்தில் ஒரு போர்த்திணைக்கே பெயர் தந்த பூ அது, சிவனுக்கும் உகந்தது. ஆனாலும் அதை விதைத்து வளர்ப்பவர்கள் குறைவு.

தும்பை ஓராண்டுச் செடி. முளைத்துப் பூத்து விதை உதிர்த்ததும் காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றி அதன் ஆயுளை நீட்டப் பார்க்காதே. காப்பாற்ற வேண்டியது விதையையும், அது விழுவதற்கான வெற்று மண்ணையும்தான்.

கோலாலம்பூரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். எனவே இங்கே தும்பைக்கு ஏற்ற வறண்ட தோட்டம் தானாக அமையாது; நீர் தேங்காதபடி நாம்தான் அமைக்க வேண்டும். அந்த வகையில் உன் சரிவு பெரிய வரம். பங்சாரிலேயே 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் சமூகத் தோட்டத்துக்கு ஒருமுறை போய் வா. உயர்மின் கம்பிகளுக்குக் கீழே, குன்றுச் சரிவில் இருக்கிறது. பெருமழை விட்டதும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்த இடம் முதலில் காய்கிறது என்று நின்று கவனி. உன் நிலத்திலும் முதலில் காயும் இடமே தும்பைக்கு உரியது.

செம்மண் இறுகியிருந்தால் ஆற்றுமணல் கலந்து கிளறிவிடு. கோழி எரு வேண்டாம். கொழுத்த மண்ணில் தழை மண்டும், பூ குறையும், களைகளும் புகுந்துவிடும். ஏப்ரல் மழையில் விதையைத் தூவி, மேலே மெல்லிய மணல் போர்த்தினால் போதும். ஜூன், ஜூலையில் மழை சற்றுக் குறையும்போது செடி வேர் பிடித்து நிற்கும்.

பூத்ததும் குனிந்து பார். நாற்கோணத் தண்டு; கணுக்களில் பந்துபோல் மொக்குக் கொத்து. வெள்ளைப் பூவின் கீழிதழ் அகன்று தேனீக்கு மேடையாகிறது; மயிரடர்ந்த மேலிதழுக்குள் மகரந்தம் ஒளிந்திருக்கும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் தேனீயின் முதுகில் அது ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்தால் இந்த வேலை நின்றுவிடும்.

இதழ் உதிர்ந்த பிறகு புல்லிக் கிண்ணத்துக்குள் நான்கு பழுப்பு விதைகள் இருக்கும். காய்ந்த கொத்தைக் காகிதப் பையில் கவிழ்த்துத் தட்டு. பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே உதிரவிடு. புல் வெட்ட வருபவரிடம் அந்த இடத்தை முன்கூட்டியே காட்டி, சுற்றிலும் கல் பதித்துவிடு. விதை உதிரும் முன்பே இயந்திரம் ஓடிவிட்டால், மறுபடியும் தொடக்கத்திலிருந்து விதைக்க வேண்டியிருக்கும்.