லண்டன் முறைக்கு எதிரே ஒரு காலாளைக் கொடுக்கலாமா?

கேள்வி: சேர், நான் சாதாரண தரம் படிக்கிறேன். பாடசாலை அணியில் இரண்டாம் பலகை. கோட்ட மட்டத்தில் என்னோடு வெள்ளைக்கு ஆடியவர்களில் அரைவாசிப்பேர் லண்டன் முறைதான் வைத்தார்கள்: டி4, அமைச்சர் எஃப்4, ஈ3, சி3. ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். கடைசியில் நான்தான் பொறுமையிழந்து தோற்பேன். யூடியூப்பில் எங்லண்ட் கம்பிட் பார்த்தேன். எட்டே நகர்த்தலில் செக்மேட்! பயிற்றுநர் வேண்டாம் என்கிறார். வலய மட்டத்தில் ஆடிப் பார்க்கலாமா?
மாணவர், கோண்டாவில்

பதில்: தம்பி, வலய மட்டத்துக்கு அது வேண்டாம். ஆனால் எதிராளியைத் திடுக்கிட வைக்கவேண்டும் என்ற உமது ஆசையில் ஒரு பிழையும் இல்லை. அதை விட்டுவிடாதேயும்.

முதலில் அந்தப் பொறியைப் பார்ப்போம். டி4க்கு ஈ5 என்று காலாளைக் கொடுக்கிறீர், வெள்ளை வெட்டுகிறது. குதிரை சி6, அரசி ஈ7, அரசி பி4இல் செக், பிறகு அரசி பி2ஐ வெட்டுகிறது. இந்த இடத்தில் வெள்ளை அமைச்சரை சி3இல் வைத்தால் உமது அமைச்சர் பி4க்கு வரும், அரசி சி1இல் செக்மேட் சொல்லும். ஆனால் வெள்ளை அமைச்சருக்குப் பதிலாகக் குதிரையை சி3க்குக் கொண்டுவந்தால்? காலாள் கணக்கு சமன்தான். உமது அரசியோ எதிரியின் பக்கத்தில் தனித்து நிற்கிறது. வெள்ளைக் கோட்டை பி1க்கு வந்து அதை விரட்டும். குதிரை பி5க்குப் பாய்ந்து சி7ஐக் குறிவைக்கும். உமது காய்களில் பாதி இன்னும் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. அந்த ஒரு நகர்த்தல் தெரிந்த பிள்ளை முன்னால் இருந்தால் உமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

நல்ல கம்பிட் எப்படி இருக்கும் என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்த்தைப் பாரும். 2008 ஒக்டோபர், ஜெர்மனியின் பொன் நகரம், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. எதிரே கிராம்னிக்: 2000இல் லண்டனில் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் பட்டத்தைப் பறித்தவர், அமைதியான டி4 ஆட்டத்தில் அசைக்கமுடியாதவர். மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்பு. மெரான் வழியில் 14ஆவது நகர்த்தலாக அமைச்சரை பி7இல் வைத்து, பி5 காலாளை வெட்டவிட்டார். தன் அரசனையும் கோட்டைகட்டாமல் நடுவிலேயே வைத்திருந்தார். அதற்கு விலையாக அவர் பெற்றவை கண்முன்னே தெரிந்தன: கோட்டைக்குத் திறந்த ஜி நிரல், நீண்ட மூலைவிட்டத்தில் ஜி2ஐ நோக்கும் அமைச்சர். வென்றார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். இரகசியம் வெளியே வந்துவிட்டது. கிராம்னிக்கும் அவருடைய குழுவும் அதை வீட்டில் ஆராய்ந்துகொண்டு ஐந்தாவது ஆட்டத்தில் அதே வழிக்குள் மறுபடி வந்தார்கள். ஆனந்த் மறுபடியும் கறுப்பில் வென்றார். திடுக்கிடல் முடிந்த பிறகும் அந்தக் காலாளுக்கு ஈடு பலகையில் நின்றது.

இன்னோர் உதாரணமாக, 2024இல் ரொறன்ரோ கன்டிடேட்ஸ் போட்டியில் பிரக்ஞானந்தா கறுப்பில் விதித்துக்கு எதிராக ஸ்பானிய ஆட்டத்தில் நாலாவது நகர்த்தலாக எஃப்5 தள்ளி வென்றதையும் எடுத்துப் பாரும்.

இனி உமது லண்டன். அமைச்சர் சி1ஐ விட்டுப் போனதும் பி2 காவலில்லாமல் கிடக்கிறது. அதனால் டி4 டி5, அமைச்சர் எஃப்4 என்று வந்தவுடன் சி5 தள்ளும். இதுவும் ஒரு காலாளைக் கொடுப்பதுதான். வெள்ளை வெட்டினால் ஈ6. உமது அமைச்சர் சி5ஐத் திருப்பி எடுக்கப் பார்க்கிறது. ஆசைப்பட்டு பி4 தள்ளிக் காப்பாற்றினால் ஏ5 என்று இடியும். சி3 என்று முண்டுகொடுத்தால் பி4இல் வெட்டும். வெள்ளைக் காலாள் திருப்பி வெட்டியதும் அரசியை எஃப்6இல் வையும். எஃப்4 அமைச்சருக்கும் ஏ1 கோட்டைக்கும் ஒரே நேரத்தில் குறி! இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழியில்லை. வெள்ளை வெட்டாமல் ஈ3 வைத்தாலும் உமக்கு நட்டமில்லை: குதிரைகள் சி6, எஃப்6, பிறகு அரசி பி6இல் இருந்து பி2ஐ அழுத்தும். பி2ஐ வெட்டமுன் மட்டும், வெள்ளைக் குதிரை சி3 வழியாக பி5க்கு வருமா என்று பார்த்துக்கொள்ளும்.

எங்லண்டை நண்பர்களோடு மூன்று நிமிட ஆட்டங்களில் ஆடும், தடையில்லை. போட்டிக்கு எடுத்துப்போகும் கம்பிட்டை மட்டும் இப்படிச் சோதியும்: நண்பரிடம் முழு இரகசியத்தையும், சரியான மறுமொழி உட்பட, முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த நிலையிலிருந்து ஆடும். கறுப்பில் நீர் ஆடும், அடுத்த முறை அவரை ஆடவிடும். நகர்த்தல்களை எழுதிவைத்துப் பயிற்றுநரிடம் காட்டும்; வேண்டாம் என்று அவர் சொன்ன காரணத்தையும் அந்தத் தாளை வைத்தே கேளும்.