முதலில் ஒரு சுவர்

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் கனடாவில் இருந்துவிட்டு, மனைவியுடன் அச்சுவேலிக்கே திரும்பி வந்துவிட்டேன். ரொறன்ரோவில் வேலை முடிந்ததும் றக்கெட்போல் விளையாடப் போவேன். இங்கே அப்படியொரு விளையாட்டு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் காசு சேர்த்துத் தரத் தயார். முழு அளவில் மூடிய கோர்ட் ஒன்று கட்டி, கழகம் ஒன்றைப் பதிந்து, வருகிற தைப்பொங்கலுக்குச் சுற்றுப்போட்டி வைத்துத் திறப்பதாக யோசனை. "மதிலிலே பந்தடிக்க இவ்வளவு காசா?" என்று ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். இளம் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது? எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், அச்சுவேலி

பதில்: சிரிக்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மதிலிலே பந்தடிக்க உண்மையில் அவ்வளவு காசு தேவையில்லை. உங்கள் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, விளையாடப் போகிறவர்களைத்தான் காணவில்லை. கோர்ட், கழகம், திறப்பு விழா என்ற வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்வேன்.

றக்கெட்போல் எப்படிப் பரவியது என்று பாருங்கள். 1950 இல் அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்துக் கிறினிச் என்ற ஊரில், அங்கிருந்த வை.எம்.சீ.ஏ.யில் ஜோ சோபெக் என்பவர் இதைத் தொடங்கினார். கட்டை மட்டைக்கு நரம்பு கட்டுவித்தார், நன்றாகத் துள்ளும் றப்பர் பந்தைத் தேடிப் பிடித்தார், 1952 இல் ஒரு சங்கம் அமைத்து விதிகளை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். ஆனால் அவர் ஒரு கோர்ட்டும் கட்டவில்லை. கையால் பந்தை அடித்து விளையாடும் ஹான்ட்போலுக்காக அமெரிக்காவின் வை.எம்.சீ.ஏ.க்களில் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரத்தில் நாலு சுவர் அறைகள் ஏற்கெனவே கட்டிக் கிடந்தன. சோபெக்கின் மட்டை அந்த அறைகளுக்குள் புகுந்துகொண்டது. இன்றைக்கும் றக்கெட்போல் கோர்ட்டின் அளவு அதுதான்.

பொலிவியாவின் கதையும் இதே மாதிரி. கடல் இல்லாத, காசும் அதிகம் இல்லாத நாடு. சுவரில் பந்தடிக்கும் ஃபுறொன்ரோன் விளையாட்டு அங்கே பழக்கத்தில் இருந்தது. சுவரும் இருந்தது, சுவரைப் பார்த்து நிற்கப் பழகிய சனமும் இருந்தது. 2019 இல் லீமாவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டு விழாவில் பொலிவியா தன் வரலாற்றின் முதல் தங்கத்தை எடுத்தது ஆண்கள் அணிக்கான றக்கெட்போலில்.

எங்கள் பக்கத்தில் கரப்பந்தாட்டம் பரவியதற்கும் காரணம் வேறில்லை. 1916 இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ.யின் உடற்பயிற்சி இயக்குநர் வோல்ரர் கமக் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991 இல் அது நாட்டின் தேசிய விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டு கம்பம், ஒரு வலை, தோட்டம் செய்யாத ஒரு துண்டுக் காணி இருந்தால் போதும் என்பதால்தான் ஆவரங்காலிலும் அச்சுவேலியிலும் பின்னேரம் ஆனால் பந்துச் சத்தம் கேட்கிறது. (கரப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், றக்கெட்போல் மூன்றும் அமெரிக்காவின் ஒரே மூலையில் வை.எம்.சீ.ஏ. ஆட்களின் தலையில் உதித்தவை. அந்த மூலையின் பனிக்காலத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.)

ஆகவே அச்சுவேலியில் ஏற்கெனவே நிற்கிற சுவர் எது என்பதுதான் முதற் கேள்வி. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் பின்பக்கம், பழைய களஞ்சியம், பாடசாலை மண்டபத்தின் முகட்டுச் சுவர், இப்படி யன்னல் இல்லாத, முன்னால் சீமெந்துத் தரை உள்ள ஒன்றைத் தேடுங்கள். கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒற்றைச் சுவர் றக்கெட்போல் என்பது நீங்கள் ரொறன்ரோவில் விளையாடியதற்கு ஏழை வீட்டுத் தம்பியல்ல. நியூயோர்க்கின் பூங்காக்களிலும் ஃபுளோறிடாவிலும் வெயிலில் நின்று அதைத்தான் விளையாடுகிறார்கள். சுவர் 20 அடி அகலம், 16 அடி உயரம். தரை 34 அடி நீளம். சுவரிலிருந்து 16 அடியில் ஒரு குறுக்குக் கோடு. சேர்வ் பண்ணிய பந்து சுவரில் பட்டுத் திரும்பி, அந்தக் கோட்டைத் தாண்டி, கடைசிக் கோட்டுக்குள் விழவேண்டும். அதற்குப் பிறகு ஒருதரம் துள்ள விட்டோ விடாமலோ மாறி மாறி அடிப்பதுதான். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு விளங்கிவிடும்.

புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்றால் கணக்கைப் பாருங்கள். ஒற்றைச் சுவர் 320 சதுர அடி. மூடிய கோர்ட்டுக்கு நாலு சுவரும் முழு உயரத்தில் 2,400 சதுர அடி, அதன்மேல் 800 சதுர அடிக்குக் கூரை. அந்தக் கூரையும் வெறும் தகரமாக இருக்க முடியாது. றக்கெட்போலில் மேற்தட்டும் ஆடுகளம், பந்து அங்கேயும் அடிபட்டுத் திரும்பவேண்டும். உள்ளே மரத்தரை, பகலிலும் எரியும் விளக்கு, காற்று வாங்க வழியில்லாத புழுக்கம். சித்திரை மாதத்தில் அச்சுவேலியில் அப்படியொரு பெட்டிக்குள் குளிரூட்டி இல்லாமல் இரண்டு பேரை விட்டால் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டுவார்கள்.

சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் மேசன்மார் இதை வளவு மதில் மாதிரி நினைத்து எழுப்பிவிடுவார்கள். 16 அடி உயரத்தில் பக்கத்துணை இல்லாமல் தனியே நிற்கும் சுவர் சோளகம் வீசும்போது முழுக் காற்றையும் வாங்கும். தூண்களும் இடையில் கொங்கிறீற் வளையமும் பின்பக்கம் முட்டுச் சுவரும் இல்லாமல் கட்டவே கூடாது. ஒரு பொறியியலாளரிடம் வரைபடம் போட்டு வாங்குங்கள், அத்திவாரம் அவர் சொன்ன ஆழத்துக்குப் போகட்டும். பூச்சு மழமழவென்று இழைத்ததாக இருக்கவேண்டும். சொரசொரப்பான பூச்சில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லமுடியாது, பந்தும் சீக்கிரம் தேயும். பூசி நன்றாகக் காய்ந்த பிறகு திறப்பால் சுவர் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தில் பூச்சுக் கல்லோடு ஒட்டவில்லை, நாலு மாதத்தில் அங்கேதான் அது கழலும். மேசனின் கடைசிக் கொடுப்பனவுக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். விளையாடுகிறவர் வடக்கைப் பார்த்து நிற்கும்படி சுவரை வைத்தால் பின்னேர வெயில் கண்ணில் அடிக்காது. தரை மாரி மழைத் தண்ணீர் வடிய சுவரிலிருந்து பின்னுக்கு இலேசாகச் சரியட்டும். செம்மண் தரை வேண்டாம். புழுதி பந்திலே ஒட்டி, பந்திலிருந்து சுவருக்கு ஏறி, ஒரு மாதத்தில் சுவரே சிவந்துவிடும். இரண்டு பக்கமும் ஆறு அடியாவது, பின்னால் அதைவிடக் கூடவும் வெறும் இடம் விடுங்கள்.

காசு மிஞ்சினால் அதைக் கண்ணாடியில் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைச் சொல்கிறேன். றக்கெட்போல் பந்து 57 மில்லிமீற்றர் விட்டம், வெறும் 40 கிராம் நிறை. ஆனால் கைதேர்ந்தவர் அடித்தால் மணிக்கு 150 மைலுக்கு மேல் பறக்கும். மென்மையான பந்து என்று நம்பக்கூடாது, நசிந்து கண்குழிக்குள் புகும். மூக்குக் கண்ணாடி இதற்குக் காணாது, பொலிகாபனேற் கண்ணாடிதான் வேண்டும். கண்ணாடி இல்லாதவர் கோர்ட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், உங்கள் மைத்துனராக இருந்தாலும். மட்டையின் கைக்கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். எதிரே ஆள் நின்றால் அடியை நிறுத்திவிட்டு அந்தப் புள்ளியைத் திரும்ப விளையாடும் வழக்கத்தை முதல் வாரமே பழக்குங்கள், பிறகு பழக்குவது கஷ்டம். மட்டையும் பந்தும் கனடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டிக்குள் வரட்டும். அங்கே மூலையில் கிடக்கும் பழைய மட்டைகளே தொடங்கப் போதும்.

இனி ஆட்கள். முதல் நாள் வருகிற பெடியள் இரண்டு விதமாக இருப்பார்கள். மென்பந்துக் கிரிக்கெட் விளையாடியவன் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவருக்கு மேலால் சிக்ஸர் அடிப்பான். பட்மின்ரன் விளையாடியவன் பந்து தலைக்கு மேல் வரும்போதே பாய்ந்து தட்டுவான். இரண்டு பேருக்கும் ஒரே பாடம்தான்: பொறு, பந்து முழங்கால் மட்டத்துக்கு இறங்கட்டும், பிறகு அடி. அதைப் பிடித்துக்கொண்ட அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் பெற்றோரை ஏமாற்றாதீர்கள். "இதிலே சான்றிதழ் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி. பாடசாலைப் போட்டிகளில் இது இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 1985 இல் அங்கீகரித்தும் ஒலிம்பிக்கில் றக்கெட்போல் ஒருபோதும் இடம்பெறவில்லை. அமெரிக்காவிலேயே 1980களின் அலை அடங்கிய பிறகு எத்தனையோ கோர்ட்டுகள் எடை தூக்கும் அறைகளாகிவிட்டன. ஆகவே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பிடித்துச் சாம்பியனாக்குகிறேன் என்று நிற்காதீர்கள். வேலைக்குப் போகிற இளைஞர்கள், ஆசிரியர்மார், கைத்தொழிற் பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள், கரப்பந்தாட்டத்தில் இனிக் குதிக்க முடியாத நாற்பது வயதுக்காரர், இவர்கள்தான் உங்கள் முதல் ஆட்கள்.

பெண்களுக்குத் தனி நேரம் முதல் வாரத்திலேயே ஒதுக்குங்கள். பிறகு பார்ப்போம் என்றால் அந்தப் பிறகு வராது. ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கைக்கு எடுத்துத் தந்த தர்ஜினி சிவலிங்கம் ஈவினைப் பிள்ளை, உங்களுக்குப் பக்கத்து ஊர். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்த அனிதா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தவர். கோலூன்றிப் பாய்தல் கோலுக்கும் மெத்தைக்கும் காசு தின்கிற, ஊருக்குப் புதிதான விளையாட்டு. அது தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் ஊன்றியதற்கு, பின்னேரம் தவறாமல் மைதானத்தில் நின்ற பயிற்றுநர்கள்தான் காரணம். உங்கள் விஷயத்தில் அந்த ஆள் நீங்கள்தான். கிழமையில் இரண்டு நாள், ஒரே நேரம், மழை பெய்தாலும் போய் நில்லுங்கள். ஒருவரும் வராவிட்டால் தனியே சுவரில் அடியுங்கள். இந்த விளையாட்டில் ஒரு வசதி, அதற்கு எதிராளி தேவையில்லை. அந்தச் சத்தத்துக்கு இரண்டு சிறுவர்களாவது மதிலில் ஏறுவார்கள்.

ஊரவர்களின் காசு கட்டடமாக எழுந்து பெயர்ப்பலகை தொங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி என்றால், ஒரு வருடம் கழித்து ஆட்கள் நிலைத்த பிறகு, ஸ்குவாஷ் கோர்ட் கட்டச் சொல்வேன். 32 அடி நீளம், 21 அடி அகலம். மேற்தட்டு ஆடுகளம் அல்லாததால் கூரையை உயர்த்திக் காற்று விடலாம். ஸ்குவாஷுக்கு நாட்டில் சம்மேளனம் இருக்கிறது, 1998 முதல் ஆசிய விளையாட்டு விழாவில் இருக்கிறது, 2028 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கும் வருகிறது. சான்றிதழ் கேட்கும் தாய் தகப்பனுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். உங்களுக்கும் நட்டமில்லை. பிரித்தானியாவில் 1976 இலிருந்து ஸ்குவாஷ் கோர்ட்டுக்குள்ளேயே பெரிய பந்தாலும் கட்டை மட்டையாலும் ஒரு விளையாட்டு நடக்கிறது. அங்கே அதை றக்கெட்போல் என்றே சொல்லிவந்தார்கள், 2016 இல் ஸ்குவாஷ் 57 என்று பெயர் மாற்றினார்கள். அந்த 57, பந்தின் விட்டம். உங்கள் பழைய கை அதற்கு இரண்டே நாளில் பழகிவிடும். 2023 இல் சென்னையில் ஒரு வணிக வளாகத்துக்குள் கண்ணாடிக் கோர்ட் நிறுத்தி ஸ்குவாஷ் உலகக் கிண்ணமே நடத்தினார்கள். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை எட்டாத தூரமா?

கழகம் பதிவதற்கு அவசரமில்லை. முதற் கூட்டத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் என்று தெரிவு நடந்தால், விளையாட வந்தவர்களைவிடப் பதவிக்கு வந்தவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு பத்துப் பேர் ஆறு மாதம் தொடர்ந்து விளையாடிய பிறகு பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். பொங்கலுக்குச் சுற்றுப்போட்டி வேண்டாம். அன்றைக்குச் சுவரடியில் பொங்கல் வைத்து, வந்தவர்கள் கையில் மட்டையைக் கொடுத்து ஆளுக்கு ஐந்து பந்து அடிக்க விடுங்கள். கேடயம் அடுத்த வருடம் பார்க்கலாம்.

கடைசியாகக் காணி. சொந்த வளவுக்குள் சுவர் எழுப்பவேண்டாம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கனடாவில் இருந்தபடியே காணியை விற்றால் சுவரும் போய்விடும். சனசமூக நிலையத்தின் காணியோ பாடசாலைக் காணியோ நல்லது. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுங்கள். பந்து சுவரில் படும் சத்தம் இரவில் தூரம் கேட்கும், ஆகையால் பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசி எட்டு மணிக்கு நிறுத்துவதாக ஒத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக் காலத்தில் இன்னும் முன்னாலேயே நிறுத்துங்கள். எவர் எந்த நாளில் பாவிப்பது, திருத்த வேலை யாருடையது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தாகட்டும். வெளிச்சத்துக்கு மின்கம்பத்திலிருந்து வயர் இழுக்க முதல், மாதாமாதம் மின்கட்டணப் பட்டியல் யாருடைய பெயரில் வரும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.