குழாய் எந்தக் கரையில் ஓடுகிறது?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை, போர்ட் பிளேயரில் எங்களுக்கு இணையம் என்றால் செயற்கைக்கோள்தான். சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டும். சென்னை சர்வருக்குள் நுழைந்து ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரிய அரை விநாடியாவது ஆகும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லை ஒழுங்காகப் படிக்க வைத்தது அந்த அரை விநாடிதான். கட்டளை முழுவதையும் இங்கேயே எழுதி முடித்து, ஒரே வரியாக அனுப்பப் பழகினேன்.

இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். எஸ்எஸ்எச் தூரத்துச் சர்வரில் கட்டளையை ஓட்டும், கேட் கோப்பைக் கொட்டும், கிரெப் அதில் வேண்டிய வரிகளைச் சலித்தெடுக்கும்:

எஸ்எஸ்எச் சென்னை கேட் லாக் | கிரெப் 404
எஸ்எஸ்எச் சென்னை 'கேட் லாக் | கிரெப் 404'

மேற்கோள் குறி ஒன்றுதான் வித்தியாசம். விடையும் ஒன்றுதான். ஆனால் முதல் வரியில் | என்ற குழாய்க் குறியை நம் ஷெல்லே எடுத்துக்கொள்கிறது. அதனால் 200 எம்பி லாக் முழுவதும் கடல் தாண்டி வந்த பிறகுதான் இங்கே சலிக்கப்படும். இரண்டாவதில் சலிப்பது சென்னையிலேயே முடிந்துவிடும். பத்து இருபது வரிகள் மட்டும் வந்து சேரும். நிரல்களைத் தோட்டக் குழாய்போலத் திருகி இணைக்க வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இலேயே எழுதினார். கென் தாம்ப்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். அந்தக் குழாயை எந்தக் கரையில் மாட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது.

நட்சத்திரக் குறிக்கும் இதே கதைதான். மேற்கோள் இல்லாமல் *.லாக் என்று எழுதினால், பொருந்தும் கோப்பு இங்கே இல்லாதவரை, பல ஷெல்களில் அது அப்படியே சென்னைக்குப் போய் வேலை செய்யும். என்றைக்காவது இங்கே ஒரு லாக் கோப்பு வந்து உட்கார்ந்தால், அதன் பெயர்தான் அங்கே போகும். இது தெரியாமல் பிழையைத் தேடினால் ஒரு நாள் போய்விடும்.

இன்னொன்று. கோப்புப் பெயரில் 20* என்றால் 20-இல் தொடங்கும் எல்லாம். கிரெப்பிடம் அதையே கொடுத்தால், 2-க்குப் பின் 0 எத்தனை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று பொருள். 2 உள்ள வரியெல்லாம் வந்து விழும். பெரும்பாலும் நமக்கு வேண்டியது புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்த .* தான். அதேபோல, யூனிக் கட்டளைக்கு முன்னால், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் போடுங்கள். அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் அது சேர்க்கும்.

இணைப்பு பாதியில் அறுந்தால் வரும் ஆபத்தை இங்கே புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்கிறேன். எஸ்எஸ்எச் அறுந்துபோனாலும், குழாயின் இந்த முனையில் வரிகளை எண்ணும் கட்டளை வந்தவரை எண்ணிவிட்டு, வெற்றி என்று முடியும். பாதிக் கணக்கு முழுக் கணக்குபோலவே தெரியும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று எழுதினால் 255 என்ற பிழை எண் வெளியே தெரியும். அது வந்தால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.